எம்.எஸ்சி. முடித்து நியூட்ரினோ இயற்பியல்: எங்கிருந்து தொடங்குவது?

#1 கவின்_நெல்லை

அனைவருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு படிக்கிறேன். தென்மாவட்டக் கல்லூரி, பெயர் வேண்டாம். அணுக்கரு இயற்பியல் தாளில் பீட்டாச் சிதைவை நடத்தும்போது நியூட்ரினோவுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். 1930இல் பவுலி ஊகித்தார், 1956இல் ரைன்ஸும் கோவனும் கண்டுபிடித்தார்கள், அதற்கு நிறை கிடையாது. அவ்வளவுதான். நிறை இல்லையென்றால், நிறை உண்டு என்று காட்டியதற்காக 2015இல் கஜிதாவுக்கும் மெக்டொனால்டுக்கும் நோபல் பரிசு கொடுத்தது எதற்கு என்று வகுப்பில் கேட்டேன். "தேர்வில் வராததை ஏன் தோண்டுகிறாய்" என்று பதில் வந்தது.

எனக்குத் தோண்டத்தான் ஆசை. முனைவர் பட்டத்துக்கு இந்தத் துறையில்தான் சேர வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். இப்போதிருந்தே எதைப் படிக்க வேண்டும்? கோட்பாடா சோதனையா என்று எப்படித் தீர்மானிப்பது? தேனித் திட்டம் (மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைப்பது) நின்றுபோன நிலையில் இந்தியாவில் இருந்துகொண்டே இதைச் செய்ய வழி உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 வளவன்

கவின், கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இதே துறையில் முனைவர் பட்டம் வாங்கி, ஒரு போஸ்ட்டாக் (பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வு) பணியும் பார்த்தவன் நான். இப்போது பெங்களூரில் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கு இடர்க் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். பட்டம் வாங்க ஐந்தாறு ஆண்டுகள். அதன்பின் நாடு விட்டு நாடு இரண்டிரண்டு ஆண்டு ஒப்பந்தங்கள். அதற்கும் பிறகுதான் நிரந்தர வேலை என்ற பேச்சே வரும். வீட்டில் உங்கள் சம்பளத்தை நம்பி யாராவது இருக்கிறார்களா என்பதை முதலில் கணக்கில் வையுங்கள். துகளின் நிறையைப் பிறகு பார்க்கலாம்.

#3 பழைய_வாத்தியார்

வளவன் சொல்வதில் பொய்யில்லை. ஆனால் பையன் எதைப் படிப்பது என்று கேட்டான். அதற்குப் பதில் சொல்வோம்.

தம்பி, நியூட்ரினோ என்றதும் பலரும் "பேய்த்துகள்", "பிரபஞ்ச ரகசியம்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பேச்சுக்குக் காது கொடுக்காதே. நியூட்ரினோ அலைவு, அதாவது எலக்ட்ரான், மியூவான், டாவ் என்ற மூன்று வகை நியூட்ரினோக்கள் வழியில் ஒன்று இன்னொன்றாக மாறுவது, உன் குவாண்டம் இயக்கவியல் தாளில் வரும் இருநிலை அமைப்புக் கணக்குதான். மியூவான் நியூட்ரினோ என்று ஒன்று பிறக்கிறது. அது குறிப்பிட்ட நிறையுள்ள ஒரே நிலை அன்று, வெவ்வேறு நிறைகொண்ட நிலைகளின் கலவை. பயணத்தில் ஒவ்வொரு நிலையின் கட்டமும் வெவ்வேறு வேகத்தில் சுழலும். போய்ச் சேரும் இடத்தில் கலவை மாறியிருக்கும், எலக்ட்ரான் வகையாகவோ டாவ் வகையாகவோ பதிவாகும். இரண்டே வகை என்று எடுத்துக்கொண்டால் இரண்டுக்கு இரண்டு அணி ஒன்றை மூலைவிட்டப்படுத்தத் தெரிந்தவனுக்கு அரை மணி நேர வேலை.

இந்தத் தளத்தில் சமன்பாடு எழுத வசதி இல்லை, சொற்களில் எழுதுகிறேன்:

வகை மாறும் வாய்ப்பு = சைன்²(2 × கலப்புக் கோணம்) × சைன்²(1.27 × நிறை வர்க்க வேறுபாடு × தூரம் ÷ ஆற்றல்)

நிறை வர்க்க வேறுபாடு எலக்ட்ரான் வோல்ட் வர்க்கத்தில், தூரம் கிலோமீட்டரில், ஆற்றல் ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டில். உனக்கு இரண்டு வேலை. அந்த 1.27 எங்கிருந்து வந்தது என்று காட்டு. பிறகு, ஜப்பானில் டோக்காயிலிருந்து காமியோக்கா வரை 295 கி.மீ., கற்றையின் ஆற்றல் 0.6, நிறை வர்க்க வேறுபாடு 0.0025 என்று வைத்து அடைப்புக்குள் என்ன வருகிறது என்று சொல். விடையோடு வா, மற்றதைப் பேசலாம்.

#4 கவின்_நெல்லை

ஐயா, போட்டுப் பார்த்தேன். இயல்பு அலகுகளில் அடைப்புக்குள் இருப்பது நிறை வர்க்க வேறுபாடு × தூரம் ÷ (4 × ஆற்றல்). இதில் ஹெச்-பார் சி-யைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதன் மதிப்பு 0.1973 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஃபெர்மி. ஒரு எலக்ட்ரான் வோல்ட் வர்க்கம் என்பது 10⁻¹⁸ ஜிகா எலக்ட்ரான் வோல்ட் வர்க்கம். ஒரு கிலோமீட்டர் என்பது 10¹⁸ ஃபெர்மி. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகின்றன! மிச்சம் 1 ÷ (4 × 0.1973) = 1.267.

இரண்டாவது கணக்கு: 1.27 × 0.0025 × 295 ÷ 0.6 = 1.56. பை-யில் பாதி 1.57. சைன் கிட்டத்தட்ட உச்சத்தில் நிற்கிறது. இது தற்செயலா?

#5 கதிரொளி

தற்செயல் இல்லை கவின். நீண்ட தூரக் கற்றைச் சோதனை ஒன்றில் வேலை செய்கிறேன், அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

காமியோக்கா சுரங்கத்தில் 50,000 டன் தண்ணீர்த் தொட்டி 1996இலிருந்தே இருக்கிறது. முடுக்கி டோக்காய் கடற்கரையில். இரண்டையும் நகர்த்த முடியாது, ஆகவே 295 கி.மீ. என்பது விதிக்கப்பட்ட எண். மாற்றக்கூடியது ஆற்றல் ஒன்றுதான். அதற்கு ஓர் அழகான வழி வைத்திருக்கிறார்கள்: கற்றையை நேராகத் தொட்டியை நோக்கிச் செலுத்துவதில்லை, 2.5 பாகை விலக்கிச் செலுத்துகிறார்கள். பையான் (முடுக்கியில் உண்டாக்கும் குறுகிய ஆயுள் துகள்) சிதைந்து நியூட்ரினோ பிறக்கும்போது, நேர்முன்னால் போகும் நியூட்ரினோவின் ஆற்றல் தாய்ப் பையானின் ஆற்றலோடு ஏறிக்கொண்டே போகும். சற்றே பக்கவாட்டில் போகும் நியூட்ரினோவுக்கு அப்படி இல்லை. பையான் எவ்வளவு வேகமாக வந்தாலும் அதன் ஆற்றல் ஒரு வரம்புக்குள் அடங்கிவிடும். அதனால் 0.6-ஐச் சுற்றி ஒரு குறுகிய கொத்து கிடைக்கிறது. இதைச் சார்பியல் இயக்கவியலில் நீங்களே நிறுவலாம், பையானின் ஓய்வுச் சட்டத்தில் எழுதி லோரன்ஸ் மாற்றம் செய்தால் போதும். எம்.எஸ்சி. மாணவருக்கு இதைவிட நல்ல பயிற்சிக் கணக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த ஆற்றலில் மியூவான் வகை பெரும்பாலும் காணாமல் போய்விடும். அதிகமும் டாவ் வகையாக மாறியிருக்கும். ஆனால் டாவ் துகளைப் பிறப்பிக்க 3.5 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், 0.6 எந்த மூலைக்கு? எனவே அவை நம் கண்ணில் படாமலே போகின்றன. ஒரு சிறு பங்கு எலக்ட்ரான் வகையாக வருகிறது. அந்தச் சிறு பங்கில்தான் பொருளுக்கும் எதிர்ப்பொருளுக்கும் வேறுபாடு உண்டா என்ற கேள்வியே தொங்குகிறது.

#6 துணுக்கு

கோட்பாட்டுக்காரன். ஒரே வாய்பாட்டில் இன்னும் இரண்டு எண்கள் போட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் கட்டிக்கொண்டிருக்கும் டியூன் சோதனை: 1300 கி.மீ., 2.5. விடை 1.65. சீனாவின் ஜூனோ சோதனை: அணு உலையிலிருந்து சுமார் 53 கி.மீ., 0.004, ஆனால் மூன்று நிறை நிலைகளுக்கு இடையே உள்ள இரண்டு நிறை வர்க்க வேறுபாடுகளில் சிறியதை இங்கே போட வேண்டும், 0.000075. விடை 1.26. பல ஆயிரம் கோடி ரூபாய்ச் சோதனைகள் எல்லாம் இந்த ஒரு சைனை உச்சத்துக்குக் கொண்டுவரத்தான் மலையைக் குடைகின்றன.

#7 கவின்_நெல்லை

கதிரொளி அக்கா, துணுக்கு அண்ணா, நன்றி. வருவித்தலில் ஓர் இடம் உறுத்துகிறது. ஒரு புத்தகத்தில் எல்லா நிறை நிலைகளுக்கும் உந்தம் ஒன்றே என்று வைக்கிறார்கள். இன்னொன்றில் ஆற்றல் ஒன்றே என்கிறார்கள். இரண்டிலும் விடை ஒன்றாகவே வருகிறது. எது சரி? பையான் சிதைவில் ஆற்றல், உந்தம் இரண்டும் பேணப்பட வேண்டும் என்றால் இரண்டு எடுகோளும் தவறாகத்தானே இருக்க வேண்டும்?

#8 துணுக்கு

நல்ல கேள்வி. இது உறுத்தவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். இரண்டு எடுகோளுமே உண்மை அல்ல, விடை மட்டும் சரி. ஏன் என்று நாலு வரியில் சொல்கிறேன், தாளில் எழுதிக்கொண்டே படியுங்கள்.

இரண்டு நிலைகளுக்கு இடையிலான கட்ட வேறுபாடு = (ஆற்றல் வேறுபாடு × நேரம்) − (உந்த வேறுபாடு × தூரம்). ஆற்றல் வர்க்கம் = உந்த வர்க்கம் + நிறை வர்க்கம் என்பதிலிருந்து, சிறு வேறுபாடுகளுக்கு: ஆற்றல் வேறுபாடு = (திசைவேகம் × உந்த வேறுபாடு) + நிறை வர்க்க வேறுபாடு ÷ (2 × ஆற்றல்). இதை மேலே போட்டால் உந்த வேறுபாடு வரும் உறுப்பு முழுவதும் (திசைவேகம் × நேரம் − தூரம்) என்ற காரணியோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அலைப்பொதி டிடெக்டரைத் தொடும் இடத்தில் அந்தக் காரணி பூஜ்யம். உந்த வேறுபாட்டை என்னவென்று வைத்தாலும் கவலை இல்லை. மிஞ்சுவது நிறை வர்க்க வேறுபாடு × தூரம் ÷ (2 × ஆற்றல்). சைனுக்குள் அதில் பாதி வரும்.

இதிலிருந்து தானாக எழும் அடுத்த கேள்வி: உந்தத்தைத் துல்லியமாக அளந்து எந்த நிறை நிலை பறந்தது என்று கண்டுபிடித்துவிட்டால்? அலைவு அழிந்துவிடும். இரட்டைப் பிளவுச் சோதனையில் எந்தப் பிளவு வழி வந்தது என்று பார்த்தால் பட்டைகள் அழிவதைப் போலவே. உங்கள் பாடத்திட்டத்தில் பிளவு இருக்கிறது அல்லவா? அதே பாடம்தான்.

புத்தகம் என்று கேட்டால், கிரிஃபித்ஸின் துகள் இயற்பியல் அறிமுக நூல் போதும். ஆனால் 2008இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் நியூட்ரினோ அலைவுக்குத் தனி அத்தியாயம் சேர்த்தார். உங்கள் நூலகத்தில் 1987 பதிப்பு இருந்தால் அதில் தேடி ஏமாற வேண்டாம். அதற்குமேல் பார்ட்டிக்கிள் டேட்டா குரூப் வெளியிடும் நியூட்ரினோ மீள்பார்வைக் கட்டுரை, இணையத்தில் இலவசம்.

#9 பழைய_வாத்தியார்

துணுக்கு, கடைசி வரிகளை எந்த வகுப்பிலும் சொல்லித்தருவதில்லை. நன்றாக எழுதினீர்கள்.

#10 வளவன்

வாய்பாடு அழகுதான். ஆனால் அதில் "÷ ஆற்றல்" என்று நிம்மதியாக எழுதுகிறீர்களே, அந்த ஆற்றல் யாருக்குத் தெரியும்? பையனை அங்கேதான் எச்சரிக்க வேண்டும்.

நியூட்ரினோவை யாரும் பார்ப்பதில்லை. தண்ணீர்த் தொட்டியில் அது ஆக்சிஜன் அணுக்கருவில் மோதி ஒரு மியூவானையோ எலக்ட்ரானையோ வெளியே தள்ளுகிறது. அது தண்ணீரில் ஒளியைவிட வேகமாகப் போவதால் செரன்கோவ் ஒளி கூம்பாக விரிந்து சுவரில் வளையமாக விழுகிறது. மியூவான் வளையத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும். எலக்ட்ரான் வழியெல்லாம் துகள் மழை பொழிந்துகொண்டு போவதால் அதன் வளையம் பிசிறடித்திருக்கும். அதைக் கொண்டுதான் வந்தது எந்த வகை என்று பிரிக்கிறோம். வளையத்தின் கோணத்தையும் பிரகாசத்தையும் வைத்து நியூட்ரினோவின் ஆற்றலைப் பின்னோக்கி ஊகிக்கிறோம். அந்த ஊகத்தில், மோதப்பட்ட நியூட்ரான் சும்மா நின்றுகொண்டிருந்தது என்று வைத்துக்கொள்கிறோம். அணுக்கருவுக்குள் எந்த நியூட்ரானும் சும்மா நிற்பதில்லை. சில நேரம் ஒன்றுக்குப் பதில் இரண்டு நியூக்ளியான்கள் சேர்ந்து அடி வாங்கும், நமக்கு அது தெரியாது. என் ஆய்வேட்டில் பாதிக்குமேல் இந்த ஊகத்தின் பிழையை மதிப்பிட்டதுதான். பேய்த்துகளைத் தேடி வந்தவன் ஆக்சிஜன் அணுக்கருவோடு மல்லுக்கட்டினேன்.

ஜப்பானின் டி2கே-யும் (மேலே பேசிய டோக்காய்–காமியோக்கா சோதனை) அமெரிக்காவின் நோவா-வும் (810 கி.மீ.) 2025 அக்டோபரில் தரவுகளை ஒன்றாக ஆராய்ந்து நேச்சர் இதழில் வெளியிட்டன. மூன்று நிறை நிலைகளில் எது கனமானது என்ற வரிசை அப்போதும் தீரவில்லை. இத்தனைக்கும் ஒவ்வொரு குழுவிலும் நூற்றுக்கணக்கானவர்கள், பத்தாண்டுக்குமேல் உழைப்பு.

ஆகவே கவின், வேறு எதைப் படித்தாலும் படிக்காவிட்டாலும் புள்ளியியல் படியுங்கள். பாய்சான் பரவல், அதிகபட்ச வாய்ப்பு முறை, புள்ளியியல் பிழைக்கும் முறைசார் பிழைக்கும் வேறுபாடு. இவை உங்கள் பாடத்திட்டத்தில் இல்லை, ஆனால் காலை முதல் மாலை வரை செய்யப்போவது இதைத்தான். எனக்கு இன்று சோறு போடுவதும் அதுதான், மறைக்க ஒன்றுமில்லை.

#11 கவின்_நெல்லை

வளவன் அண்ணா, பயமுறுத்த எழுதினீர்களா தெரியவில்லை, எனக்கு ஆசைதான் கூடியது. சோதனைப் பக்கம் போகலாம் என்று தோன்றுகிறது. ஆனால் எங்கள் ஆய்வகத்தில் கைகர் எண்ணியும் சில பழைய கருவிகளும் மட்டும்தான். நியூட்ரினோவுக்குக் கல்லூரி ஆய்வகத்தில் என்ன செய்ய முடியும்?

#12 கதிரொளி

நியூட்ரினோவை நேரடியாக ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அதைப் பிடிக்கும் வித்தையை முழுவதும் கற்றுக்கொள்ளலாம்.

ரைன்ஸும் கோவனும் அமெரிக்காவின் சவானா ரிவர் அணு உலைக்குப் பக்கத்தில் என்ன செய்தார்கள்? உலையிலிருந்து வந்த எதிர்நியூட்ரினோ ஒரு புரோட்டானில் மோதி பாசிட்ரானையும் நியூட்ரானையும் தந்தது. பாசிட்ரான் உடனே அழிந்து ஒரு மின்னல். நியூட்ரான் தட்டுத்தடுமாறி வேகம் குறைந்து, சில மைக்ரோ விநாடி கழித்து காட்மியத்தில் சிக்கி இரண்டாவது மின்னல். ஒற்றை மின்னல்கள் காஸ்மிக் கதிராலும் கதிரியக்கத்தாலும் ஓயாமல் வந்துகொண்டிருக்கும். சரியான இடைவெளியில் வரும் ஜோடியை அவை எளிதில் போலி செய்ய முடியாது. உலையை நிறுத்தியபோது ஜோடிகளின் எண்ணிக்கை குறைந்ததா என்றும் பார்த்தார்கள். இன்று 20,000 டன் திரவ சின்டிலேட்டரோடு (துகள் பட்டால் ஒளிரும் பொருள்) 2025 ஆகஸ்டில் தரவு எடுக்கத் தொடங்கிய ஜூனோவும் இதே ஜோடி மின்னலைத்தான் தேடுகிறது. அங்கே நியூட்ரான் ஹைட்ரஜனில் சிக்குவதால் இடைவெளி சுமார் 200 மைக்ரோ விநாடி.

இதே வித்தையை மேசைமேல் செய்யலாம்: மியூவானின் ஆயுட்காலம் அளப்பது. கடல்மட்டத்தில் கிடையாக வைத்த ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நிமிடத்துக்குச் சுமார் ஒரு மியூவான் விழுகிறது. பெரும்பாலானவை ஊடுருவிப் போய்விடும். மிகச் சிலதான் சின்டிலேட்டர் கட்டிக்குள்ளேயே நின்றுவிடும். நிற்கும்போது ஒரு துடிப்பு, அது எலக்ட்ரானாகச் சிதையும்போது இன்னொரு துடிப்பு. இடைவெளிகளைச் சேகரித்து வரைபடம் போட்டால் அடுக்குக்குறிச் சரிவு கிடைக்கும், சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ விநாடி. அந்தச் சிதைவில் ஒரு மியூவான் வகை, ஒரு எலக்ட்ரான் வகை என இரண்டு நியூட்ரினோக்கள் கண்ணுக்குத் தெரியாமல் வெளியேறுகின்றன. மேலே பையான் சிதைந்தபோது வந்த ஒரு மியூவான் வகையையும் சேர்த்தால் வளிமண்டல நியூட்ரினோக்களில் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம் வர வேண்டும். அந்த விகிதம் குறைவாக வந்தது, குறைந்தவை எங்கே போயின என்று தேடியதுதான் 1998இல் சூப்பர் காமியோக்காண்டே (மேலே சொன்ன காமியோக்கா தொட்டி) அறிவிப்பில் முடிந்தது.

தேவைப்படுவது: சின்டிலேட்டர் கட்டி ஒன்று, மங்கிய ஒளியையும் மின்துடிப்பாக்கும் ஃபோட்டோமல்டிபிளையர் குழாய் ஒன்று (இரண்டு இருந்தால் உத்தமம்), உயர் மின்னழுத்த வழங்கி, நேரத்தை அளக்க டிஜிட்டல் ஆசிலோஸ்கோப். பழைய அணுக்கரு ஆய்வகங்களில் இவை அலமாரிக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். ஆய்வக உதவியாளரிடம் கேட்டுப் பாருங்கள், பேராசிரியரைவிட அவருக்கே தெரியும்.

#13 பழைய_வாத்தியார்

இந்தியாவில் செய்ய முடியுமா என்று கேட்டானே, அதற்கு ஒரு வரலாறு சொல்லிவிடுகிறேன். வளிமண்டல நியூட்ரினோவை உலகில் முதலில் பதிவு செய்த இடங்களில் ஒன்று கோலார் தங்கவயல். 1965ஆம் ஆண்டு, பூமிக்கடியில் சுமார் 2.3 கி.மீ. ஆழம். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஒசாக்கா நகரப் பல்கலைக்கழகம், டர்ஹாம் பல்கலைக்கழகம் மூன்றும் கூட்டு. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் ரைன்ஸ் குழுவும் கண்டது.

அவர்கள் கருவியை எப்படி வைத்தார்கள் என்பதைப் பார். சின்டிலேட்டர் பலகைகளைக் கிடையாகப் போடாமல் சுவர்போல் செங்குத்தாக நிறுத்தினார்கள். மேலிருந்து இறங்கும் மியூவானை அந்த ஆழத்துப் பாறை பெரும்பாலும் தின்றுவிடும், ஆனாலும் ஒன்றிரண்டு தப்பி வரும். பக்கவாட்டில் வருவதற்கோ பல மடங்கு பாறையைக் கடக்க வேண்டும், எந்த மியூவானாலும் முடியாது. ஆகவே கிடையாக ஒரு தடம் விழுந்தால் அது பக்கத்துப் பாறைக்குள் நியூட்ரினோ பிறப்பித்த மியூவான்தான். பலகையைத் திருப்பி நிறுத்தியதிலேயே பாதி இயற்பியல் முடிந்துவிட்டது.

அந்தக் குழிகளை வெட்டியவர்களில் பெரும்பகுதி வட ஆர்க்காட்டுப் பக்கமிருந்து போன தமிழ்த் தொழிலாளர்கள். சுரங்கம் 2001இல் மூடப்பட்டது.

#14 போடிமெட்டு

தேனி மாவட்டத்துக்காரன் என்ற முறையில் ஒரு வார்த்தை. "தேனித் திட்டம் நின்றுபோனது" என்று இழவு விழுந்த குரலில் எல்லோரும் எழுதுகிறீர்கள். எங்களுக்கு அது நிம்மதி. நான் இயற்பியல் பட்டதாரி, பள்ளியில் பாடம் நடத்துகிறேன். நியூட்ரினோவால் ஊர் அழியும் என்று மேடையில் பேசியவர்களை நானும் ஏற்கவில்லை. சூரியனிலிருந்து மட்டும் விநாடிக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் நம்மைத் துளைத்துக்கொண்டுதான் போகின்றன. என் கேள்வி மலையைப் பற்றியது. சுமார் 2 கி.மீ. சுரங்கப் பாதை, வெடிவைப்பு, வெட்டியெடுக்கும் பாறைக் குவியல், பக்கத்தில் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா. பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் அனுமதியை நிறுத்திவைத்தது வெறும் வதந்தியைக் கேட்டா?

#15 துணுக்கு

2018இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் திரும்ப அனுமதி கொடுத்ததையும் சேர்த்துச் சொல்லலாமே. முதலில் பார்த்த நீலகிரி சிங்காரா வேண்டாம், யானை வழி என்றார்கள். தேனி பொட்டிப்புரத்துக்கு வந்தார்கள். இங்கேயும் வேண்டாம் என்றால் எந்த மலையில்தான் அறிவியல் செய்வது?

#16 போடிமெட்டு

2022இல் உச்ச நீதிமன்றத்தில் தமிழ்நாடு அரசே அனுமதிக்க முடியாது என்று பிரமாணப் பத்திரம் போட்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த மலை என்று எங்களைக் கேட்கிறீர்கள். மலையடியில் குடியிருப்பவனை முதலில் கேட்டிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

#17 மட்டுறுத்துநர்

தேனித் திட்டத்தின் சரி தவறுக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே தொடருங்கள். இங்கே படிப்பைப் பற்றி மட்டும்.

#18 பரங்குன்றத்தான்

சண்டைக்கு வரவில்லை. 2008இல் அந்தத் திட்டத்தோடு தொடங்கிய முனைவர் பட்டப் பயிற்சியில் படித்தவன் என்பதால், மாணவருக்குப் பயன்படுவதைச் சொல்கிறேன்.

திட்டமிட்டது 50,000 டன் காந்தமாக்கிய இரும்பு. ஏன் காந்தம்? பூமிக்குள் பயணிக்கும்போது அங்குள்ள எலக்ட்ரான்களால் நியூட்ரினோவின் அலைவு மாறும். எதிர்நியூட்ரினோவுக்கு அந்த மாற்றம் எதிர்க்குறியில் இருக்கும். இரண்டையும் பிரித்தறிந்தால் நிறை வரிசை தெரியும். நியூட்ரினோ எதிர்மின் மியூவானையும் எதிர்நியூட்ரினோ நேர்மின் மியூவானையும் தரும், காந்தப்புலத்தில் ஒன்று இப்பக்கமும் மற்றது அப்பக்கமும் வளையும். தண்ணீர்த் தொட்டிக்கு இந்தத் திறமை கிடையாது. இயற்பியலாக அது நல்ல கேள்வி, இன்றும் நல்ல கேள்விதான்.

குகை வரவில்லை என்றாலும் கருவி வந்தது. மதுரையில் 85 டன்னில் அதன் சிறு மாதிரி நிற்கிறது, காஸ்மிக் மியூவான்களைப் பதிவு செய்கிறது. இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவே 2 மில்லிமீட்டர் இடைவெளி, அதில் வாயு, குறுக்கே சுமார் 10,000 வோல்ட். மியூவான் போன இடத்தில் ஒரு பொறி. கேட்க எளிது. வாயுவில் ஈரம் புகுந்தால் கசிவு மின்னோட்டம் ஏறும், ஏறினால் அந்தக் கண்ணாடி அடுக்கே குருடு. வாயுக் குழாய் இணைப்புகளில் கசிவு தேடுவதுதான் என் முதல் வேலையாக இருந்தது. என்னோடு படித்தவர்கள் பலர் இன்று வெளிநாட்டுச் சோதனைகளில் இருக்கிறார்கள், அவர்களுக்கு வேலை வாங்கித் தந்தது இந்தக் கைப்பழக்கம்.

இந்தியாவிலிருந்து செய்ய வழி உண்டு கவின். டெல்லி, ஹைதராபாத், கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களும் குவாஹாத்தி ஐ.ஐ.டி.யும் நோவா சோதனையில் பங்கெடுத்தவை. கோட்பாட்டுக்குச் சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. நுழைவுக்கு ஜெஸ்ட், நெட், கேட் தேர்வுகள், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் சொந்தத் தேர்வு. இவற்றில் கேட்கப்படுவது நியூட்ரினோ அல்ல. மரபு இயக்கவியல், மின்காந்தவியல், குவாண்டம், புள்ளிவிவர இயக்கவியல், கணித முறைகள், இவைதான். நியூட்ரினோ மோகத்தில் மின்காந்தவியலைக் கோட்டை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

#19 வளவன்

பரங்குன்றத்தான் சொன்னதை வழிமொழிகிறேன். கூடவே ஒன்று: சேரும் குழுவைத் துறையின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். வழிகாட்டியின் பழைய மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், பட்டம் வாங்க எத்தனை ஆண்டு ஆனது என்று அவர்களுக்கே மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். எழுத்தில் பதில் வராது, தொலைபேசியில் சொல்வார்கள்.

#20 கவின்_நெல்லை

எல்லோருக்கும் நன்றி. கதிரொளி அக்கா சொன்னபடி ஆய்வக உதவியாளர் அண்ணனைக் கேட்டேன். அலமாரியின் அடித்தட்டிலிருந்து பிளாஸ்டிக் சின்டிலேட்டர் கட்டி ஒன்றும் ஃபோட்டோமல்டிபிளையர் குழாய் இரண்டும் எடுத்துக் கொடுத்தார். ஒரு குழாய் வேலை செய்கிறது போலிருக்கிறது, ஆனால் துடிப்புகள் கணக்கில்லாமல் கொட்டுகின்றன. மியூவான் இவ்வளவு வராது அல்லவா? துறைத்தலைவர் "எதையும் எரித்துவிடாதே" என்ற நிபந்தனையோடு அனுமதி தந்திருக்கிறார்.

#21 கதிரொளி

ஒளி கசிகிறது. அறை விளக்கை அணைத்துவிட்டு எண்ணிக்கையைப் பாருங்கள், குறைந்தால் சந்தேகமே வேண்டாம். கட்டியை முதலில் அலுமினியத் தாளில் சுற்றி, மேலே கறுப்புத் தாள், அதன்மேல் கறுப்பு ஒட்டுநாடா. குழாயும் கட்டியும் சேரும் மூட்டில் இரண்டு சுற்றுக் கூடுதலாகப் போடுங்கள், பெரும்பாலும் அங்கேதான் கசியும். கட்டிக்கும் குழாய் முகத்துக்கும் நடுவே ஒளியியல் கிரீஸ் தடவுங்கள், காற்றிடைவெளி இருந்தால் பாதி ஒளி வீணாகும். எதைப் பிரிப்பதானாலும் உயர் மின்னழுத்தத்தை அணைத்து, சற்று நேரம் விட்டுப் பிரியுங்கள். மின்னழுத்தம் ஏறிய நிலையில் வெளிச்சம் பட்டால் குழாய் அன்றோடு சரி, துறைத்தலைவரின் நிபந்தனையும் போயிற்று.

அதற்குப் பிறகும் மிஞ்சும் இரைச்சல் குழாயின் சொந்தச் சரக்கு. இரண்டாவது குழாய் உயிரோடு இருந்தால் கட்டியின் மறுமுனையில் பொருத்தி, இரண்டும் ஒரே நேரத்தில் துடித்தால் மட்டும் எண்ணுங்கள். நிற்கும் மியூவான்கள் மிகக் குறைவு, ஆகவே பல நாள் ஓடவிட வேண்டியிருக்கும். மின்வெட்டுக்கு யு.பி.எஸ். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

#22 பழைய_வாத்தியார்

தரவு சேர்ந்ததும் வரைபடத்தை இங்கே போடு தம்பி. அடியில் தட்டையாக ஒரு பின்னணி இருக்கும், அதையும் சேர்த்துப் பொருத்து. ஆயுட்காலம் புத்தகத்தில் உள்ளபடி அச்சு அசலாக 2.2 வந்தது என்று எழுதினால் நம்பமாட்டேன், சற்றுக் குறைவாகத்தான் வர வேண்டும். விழுகிற மியூவான்களில் இரண்டு மின்னேற்றமும் கலந்திருக்கும். உன் கட்டியில் கார்பன் இருக்கிறது. எதிர்மின் மியூவான் ஒன்று கார்பன் அணுவுக்குள் போய் உட்கார்ந்தால் அணுக்கரு அதைச் சும்மா விடுமா என்று யோசித்துவிட்டு வா.